மடிக்காக அழுத குட்டி

மலையடிவாரக் காட்டை ஒட்டி ஓர் ஆட்டுத் தொழுவம் இருந்தது. அங்கே சுட்டி என்றொரு வெள்ளாட்டுக் குட்டி இருந்தாள். நெற்றியில் வெள்ளைப் பொட்டு; அதனால் அந்தப் பெயர். அவளை ஈன்ற அன்றே தாய் ஆடு செத்துவிட்டது.

காலையில் மற்ற ஆடுகளெல்லாம் காட்டுக்கு மேயப் போய்விடும். சாயங்காலம் திரும்பி வந்ததும் ஒவ்வொரு ஆடும் தன் தன் குட்டியைத் தேடும். சுட்டி ஆசையாக ஏதாவது ஒரு மடியில் வாய் வைத்தால், "உன் அம்மாகிட்டப் போ!" என்று அந்த ஆடு முட்டித் தள்ளும். அம்மா எங்கே இருக்கிறாள் என்று மட்டும் எந்த ஆடும் சொல்லவில்லை.

சுட்டிக்குப் பால் கொடுத்தவள் தொழுவத்துக்காரி வெள்ளத்தாய். அவள் வீட்டிலும் வேறு ஆள் கிடையாது. பாட்டிலில் பசும்பாலை ஊற்றி, ரப்பர் நிப்பிளை மாட்டி, பச்சைப் பிள்ளையைக் கிடத்துவது போலச் சுட்டியை மடியில் மல்லாக்கப் போட்டு ஊட்டுவாள். அதுதான் பாசம் என்று அவள் நினைத்திருந்தாள்.

அந்த மடி வெதுவெதுப்பாக இருக்கும். வெள்ளத்தாய் ஊர்க்கதை ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். பால் தீர்ந்ததும் குட்டியை இறக்கி விட்டுவிட்டு, முற்றத்தில் புளி உடைக்கப் போய்விடுவாள். பால் தீர்ந்தால் மடியும் தீர்ந்தது. அப்புறம் அந்தப் பெரிய தொழுவத்தில் சுட்டி தனியாக நிற்பாள்.

மூலையில் ஒரு கூடைக்குள் அடைக்கோழி ஒன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆனால் அடைக்கோழியிடம் பேச்சுக் கொடுப்பதும் ஒன்றுதான், முள்வேலியைக் கட்டிப் பிடிப்பதும் ஒன்றுதான்.

"அக்கா, உன் பக்கத்துல வந்து படுத்துக்கவா?"

"வந்துராதே! முட்டையை மிதிச்சேன்னா கண்ணைக் கொத்திப்புடுவேன்!"

சுட்டி திரும்பிப் போய்ச் சுவரோரம் நின்றாள்.

இதை ஒரு பூனை பார்த்துக்கொண்டிருந்தது. குட்டி குடித்த மிச்சப் பாலை வெள்ளத்தாய் அதற்குத்தான் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவாள். மிச்சம் எப்போதும் கொஞ்சம்தான். பூனைக்கு அதில் பெரிய குறை!

"ஏன் தங்கச்சி மூஞ்சைத் தொங்கப் போட்டுட்டு நிக்கே?" என்றது பூனை.

"பால் குடுக்கிற அம்மா எந்திரிச்சுப் போயிட்டா."

"கூப்பிட வேண்டியதுதானே!"

"கூப்பிட்டா வருவாளா அண்ணே?"

"பாட்டிலோட ஓடி வருவா! நல்லாக் கத்து! அவ முழங்காலை முட்டு! பசின்னு நினைச்சுக்குவா!"

"எனக்குத்தான் பசிக்கலையே."

"பசிச்சாத்தான் குடிக்கணும்னு யாரு சொன்னா? நீ நாலு வாய் குடி. மிச்சத்தை நான் பார்த்துக்கிடுதேன்!"

சுட்டி கத்தினாள். வெள்ளத்தாய் கைப் புளியைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். "பசிக்கா தாயி? இந்தா, இந்தா!" மடி கிடைத்தது. பேச்சும் கிடைத்தது. சுட்டிக்கு அது போதும்.

அதிலிருந்து கத்தல் ஓயவில்லை. வெள்ளத்தாயும் சலிக்கவில்லை. தாயுள்ள குட்டி கத்தினால் பசி என்று அவளுக்குத் தெரியும். தாயில்லாத குட்டி எதற்குக் கத்தும் என்று அவள் யோசிக்கவே இல்லை. தன்னையும் ஒரு ஜீவன் தேடுகிறதே என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். அவசரத்தில் பாட்டிலைக் கழுவுவது நின்றுபோனது. பாலைச் சூடாக்குவதும் நின்றுபோனது. பழைய பாலின் மேலேயே புதுப் பாலை ஊற்றினாள்.

"ஏட்டி, வயிறு குடம் மாதிரி இருக்கே! இன்னும் என்னத்துக்குக் குடிக்கே?" என்று கோழி அதட்டியது.

"குடிக்கலைன்னா எந்திரிச்சுப் போயிருவாளே அக்கா!"

"அப்போ குடிச்சு வெடி! எனக்கென்ன வந்துச்சு!"

மறுநாள் காலையில் சுட்டியால் எழுந்திருக்க முடியவில்லை. வயிறு உப்பி விறைத்திருந்தது. கழிச்சல் தண்ணீராகப் போய் வாலெல்லாம் ஒட்டிக் கிடந்தது. காது சில்லென்று ஆகிவிட்டது.

"கத்து தங்கச்சி! சிரட்டை காய்ஞ்சு கிடக்கு!" என்றது பூனை.

"முடியலை அண்ணே..."

"சரியான சோம்பேறி!" என்று திட்டிவிட்டுப் பூனை வேறு வீட்டுக்குப் போய்விட்டது.

முற்றத்தில் வெள்ளத்தாய், "இன்னைக்குத்தான் பிள்ளைக்கு வயிறு நிறைஞ்சிருக்கு, சத்தத்தையே காணோம்!" என்று சந்தோஷமாகப் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். தேவையில்லாதபோதெல்லாம் ஓடி வந்தவள், உயிர் போகிற நேரத்தில் வரவில்லை. பாவம், கூப்பிடக் குட்டிக்குக் குரல் இல்லை! இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்கிறது?

"அப்பாடா, சத்தம் ஓய்ஞ்சுது!" என்று கோழி கண்ணை மூடியது. ஆனால் தூக்கம் வரவில்லை. ஏதோ சரியில்லை என்று பட்டது.

"ஏட்டி சுட்டி!"

பதில் இல்லை.

"இனிமே திட்ட மாட்டேன், ஒரே ஒரு தடவை கத்து புள்ள!"

சுட்டியின் காதுகூட அசையவில்லை. கோழி தன் முட்டைகளைப் பார்த்தது. குட்டியைப் பார்த்தது. பிறகு கூடையை விட்டுக் குதித்து, கொக்கரித்துக்கொண்டே முற்றத்துக்கு ஓடி, வெள்ளத்தாயின் காலில் நறுக்கென்று கொத்தியது!

"அடி சனியனே! அடையை விட்டுட்டு எதுக்கு வந்தே?"

கோழியின் பேச்சு வெள்ளத்தாய்க்குப் புரியாது. ஆனால் அடைக்கோழி அலறிக்கொண்டு வெளியே வந்தால் உள்ளே பாம்பு வந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். பாம்பு இல்லை. சுட்டிதான் கழுத்தை மடக்கிக்கொண்டு கிடந்தாள்.

"பசியில மயங்கிட்டியா தாயி?" பதறிப்போய்ப் பாட்டிலைத்தான் எடுத்தாள். நிப்பிளை வாயருகே கொண்டுபோனதும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. பாட்டிலைப் பார்த்தாள். குட்டியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். மேளம் போல ஒலித்தது. பாட்டிலை வீசி எறிந்தாள். குட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கோழி முணுமுணுத்துக்கொண்டே, முட்டைகள் ஆறுவதற்குள் கூடைக்குத் திரும்பியது.

"பால் எப்படிக் கொடுப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பிள்ளைக்குக் கொடுக்க மாதிரி மடியில போட்டுத்தாம்மா. கத்தினப்பல்லாம் கொடுத்தேன். ஒரு குறையும் வைக்கலை!"

"இது பிள்ளை இல்லம்மா, ஆட்டுக்குட்டி! நின்னு, கழுத்தை நீட்டிக் குடிச்சாத்தான் பால் போக வேண்டிய இடத்துக்குப் போகும். கத்தும்போதெல்லாம் ஊத்தினா எந்த வயிறு தாங்கும்? இன்னைக்குப் பாலே வேண்டாம்."

டாக்டரம்மா மருந்து கொடுத்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பொடியும் கொடுத்தார். வெள்ளத்தாய் வீடு திரும்பி, அதைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். குளிர் படாமல் சாக்கைப் போர்த்தினாள். மெல்ல மெல்ல உப்பல் வடிந்தது. கழிச்சல் நின்றது. சுட்டி தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்றாள்.

மறுபடி பால் கொடுக்கும் நாள் வந்தது. வெள்ளத்தாய் புதுப் பாட்டில் ஒன்றை வெந்நீரில் கழுவினாள். பாலை இளஞ்சூடாக்கி அளந்து ஊற்றினாள். சுட்டியை நிற்க வைத்து, தாய்மடி உயரத்தில் பாட்டிலைப் பிடித்தாள். சுட்டி கழுத்தை நீட்டிக் குடித்தாள். வயிறு அளவாக நிறைந்தது. வெள்ளத்தாய் எழுந்து நடந்தாள்.

பால் உண்டு, மடி இல்லை! சுட்டிக்கு எல்லாமே போய்விட்டது போல இருந்தது. "ம்மே...!" என்று கத்தினாள்.

எங்கிருந்தோ பூனை ஓடி வந்தது. "அப்படித்தான் தங்கச்சி! இன்னும் சத்தமா!"

வெள்ளத்தாயின் கை தானாகப் பாட்டிலுக்குப் போனது. சட்டென்று நின்றது.

"இப்பத்தானே வயிறு நிறையக் குடிச்சே? பின்ன எதுக்குக் கூப்பிடுதே?"

சுட்டி பாட்டிலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளத்தாய் வெறுங்கையோடு தரையில் உட்கார்ந்தாள். சுட்டி மடியில் ஏறிச் சுருண்டு படுத்தாள். கத்தல் நின்றுவிட்டது.

"இதுக்குத்தானா? இம்புட்டு நாளும் இதுக்குத்தானா?" வெள்ளத்தாய் குட்டியின் முதுகைத் தடவினாள். "உனக்குச் சொல்லத் தெரியலை. எனக்குக் கேக்கத் தெரியலை. சாகக் கிடந்தியே தாயி!"

"பால் எங்கே?" என்றது பூனை.

"போ, போய் எலியைப் பிடி!" என்றது கோழி.

அன்றிலிருந்து புளி உடைக்கும் வேலை தொழுவத்துக்குள்ளேயே நடந்தது.

ஒருவர் அழும்போது நம் கையில் இருப்பதை அவர் வாயில் ஊட்டுவதற்கு முன், அவர் எதற்காக அழுகிறார் என்று பார்க்க வேண்டும்.