மூன்று பண்டிதர்களும் கீழத்தெருக் குடமும்

கேளுங்கள், இதைச் சொல்லும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. வெகு காலத்துக்கு முன் ஓர் அரசனிடம் மூன்று பண்டிதர்கள் இருந்தார்கள். ஒருவர் வைத்தியம் படித்தவர். ஒருவர் உலோகம் படித்தவர். ஒருவர் நீர்நிலைகளைப் படித்தவர். மூவருக்கும் மூன்று மண்டபம். ஒருவர் வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. மிதித்தால் படித்த படிப்புக்கே இழுக்காம்!

மூன்று மண்டபத்துக்கும் போய்வருகிறவள் ஒருத்திதான். வெற்றிலை கொடுக்கும் கொடியாள்.

ஒரு வருஷம் கீழத்தெருவில் வயிற்று நோய் வந்தது. கொடியாளின் மகள் பூவாயியும் வாந்தியெடுத்துப் படுத்துவிட்டாள்.

கொடியாள் வைத்தியப் பண்டிதரிடம் போய் அழுதாள்.

"குடலில் செம்புக் களிம்பு சேர்ந்திருக்கிறது" என்றார் அவர்.

"எப்படிங்க சாமி சேர்ந்துச்சு?"

"அது என் நூலில் இல்லை. வெற்றிலையை வைத்துவிட்டுப் போ."

உலோகப் பண்டிதரிடம் ஓடினாள்.

"அரசர் உங்கள் தெருவுக்குக் கொடுத்த செம்புக் குடங்களுக்கு உள்ளே ஈயம் பூசவில்லை. புளிப்புப் பட்டால் களிம்பு விடும்."

"நாங்க தண்ணிதானே ஊத்துறோம்?"

"தண்ணீர் என் நூலில் இல்லை. போ, போ."

நீர்ப் பண்டிதரிடம் ஓடினாள்.

"போன மழைக்குப் பிறகு உங்கள் கிணற்றில் புளிப்பு ஏறிவிட்டது. ஆறு மாதமாக எனக்குத் தெரியுமே."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"யாரும் கேட்கவில்லையே!"

அடப் பாவிகளா! ஆளுக்கொரு துண்டு அறிவை மடியில் முடிந்துகொண்டு, ஒரு தெருவே சுருண்டு கிடக்கும்போது வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள்.

கொடியாள் வீட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே சபைக்குப் போனாள். "ராசா, கிணத்துப் புளிப்பு, ஈயம் பூசாத குடம், புள்ள வயிறு. மூணும் ஒரே சங்கதிங்க."

பண்டிதர்கள் சிரித்தார்கள். "வெற்றிலைக்காரி புது நூல் எழுதுகிறாள்!" "முதலில் ஓலை பிடிக்கத் தெரியுமா இவளுக்கு?"

அவள் வாதாடவில்லை. மூன்று குவளைகளில் ஊற்றி வைத்தாள். "எங்க கிணத்துல மொண்டு, எங்க குடத்துல ரெண்டு நாள் கெடந்த தண்ணி. குடிங்க சாமி."

வைத்தியர் குவளையைப் பார்த்தார். உலோகப் பண்டிதர் கூரையைப் பார்த்தார். நீர்ப் பண்டிதர் வாசலைப் பார்த்தார். ஒருவரும் தொடவில்லை.

"சொந்த வயிறு என்றதும் மூன்று நூலும் ஒன்றாகிவிட்டதோ?" என்றான் அரசன்.

அன்றே கிணற்றை மூடினார்கள். குடங்களைத் திரும்ப வாங்கினார்கள். நான்காம் நாள் பூவாயி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எழவே இல்லை.

பக்கத்து அறிவோடு சேராத அறிவு, எவ்வளவு பெரியதானாலும், ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றாது.