கூரைக்காகச் சிரிக்காமல் இருந்தவள்

கடலிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி, உப்புக்காற்று வீசும் ஒரு சிறிய ஊரில் தவமணியம்மாள் இருபத்து மூன்று பிள்ளைகளை வளர்த்து வந்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். அம்மாள் முன்பு அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். வயது நாற்பத்து நாலு.

திருமேனி அவருடைய சீடர். சீடருக்கு வயது அறுபத்து இரண்டு.

முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய்த் தையல் மெஷின் விற்றவர் அவர். மனைவி இறந்த பிறகு, வீட்டில் சும்மா கிடந்த மெஷின் ஒன்றை இல்லத்துக்குக் கொடுக்க வந்தார். அம்மாள் அப்போது ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். குழந்தை துப்பியது. துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினார். மறுபடி துப்பியது. திருமேனி நின்றபடியே எண்ணினார். பன்னிரண்டாவது வாய் உள்ளே போனது.

"இதை எனக்குக் கத்துத் தருவீங்களா?" என்று கேட்டார்.

"எதை?"

"கோபப்படாம இருக்கிறதை."

"இருந்து பாருங்க" என்றார் அம்மாள்.

இருந்துவிட்டார். மூன்று வருஷம் ஓடிப்போனது. பிள்ளைகள் அவரைத் தாத்தா என்றார்கள். அவர் அம்மாளை அம்மா என்றார். ஊரார் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

அந்த ஆடியில் பிள்ளைகள் படுக்கும் கூடத்தின் கூரையைப் பார்க்க ஆசாரி வந்தார். ஏணியில் ஏறி, ஓடுகளைத் தாங்கும் மரத்தை விரலால் குத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

"ஐப்பசி மழைக்கு இது நிக்காதும்மா" என்றார் இறங்கி வந்து.

அந்த வாரமே அம்மாள் ஊரில் இல்லாமல் போகும்படி ஆயிற்று. இல்லத்தின் கைக்குழந்தை ஒன்றுக்கு இதயத்தில் ஓட்டை. தஞ்சாவூரில் ஆபரேஷன். ஐந்து வாரம் கூட இருக்க வேண்டும்.

"கூரைக்கு ஊர்ல கேக்கணும். நீங்க பார்த்துக்கோங்க ஐயா."

"எப்படிம்மா கேக்கணும்?"

"இருக்கிறதைச் சொல்லிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அம்மாள் பஸ் ஏறினார்.

திருமேனி இருக்கிறதைச் சொன்னார். 'கூரை பழுதாகிவிட்டது. வீட்டுக்குப் பத்து ஓடு தாருங்கள். ஒருநாள் வேலை தாருங்கள்.' இப்படி நோட்டீஸ் அடித்தார். கல்லூரிப் பெண்கள் நாலு பேர் சைக்கிளில் போய்த் தெருத் தெருவாகக் கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து டீக்கடையில் அவர் வாங்கிய வடை அந்த நோட்டீஸிலேயே மடித்து வந்தது.

அன்று சாயங்காலம் அலமாரியைக் குடைந்தபோது அந்தப் படம் அவர் கையில் அகப்பட்டது.

குயிலியின் படம். இரண்டு வருஷத்துக்கு முன், அவளை இல்லத்தில் கொண்டுவந்து விட்ட அன்று, பதிவேட்டுக்காக எடுத்தது. ஐந்து வயது. தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஒரு அலுமினியத் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண் நிறைய நீர்.

விற்றுப் பழகிய மனிதருக்கு அது போதும். புது நோட்டீஸில் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டார். சுவரெல்லாம் ஒட்டினார்.

ஊர் அசைந்தது. வண்டி வண்டியாக ஓடு வந்தது. கொத்தனார்கள் ஆறு பேர் கூலி வேண்டாம் என்றார்கள். பெண்கள் சங்கத்தார் வேலை நடக்கும் நாளுக்குச் சமையல் எங்களுடையது என்றார்கள். அரிசி ஆலை வேதாசலம் மரம் அத்தனையும் தானே தருவதாகச் சொல்லி அனுப்பினார். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லியிருந்தார். அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம்.

மனைவி மங்கையர்க்கரசியோடு அவர் வந்தபோது குயிலி வேப்பமரத்து ஊஞ்சலில் இருந்தாள். ஏழு வயது. கன்னம் உப்பி, முழங்காலெல்லாம் சேறு. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. வாய் முழுக்கத் திறந்து சிரித்துக்கொண்டே ஊஞ்சலிலிருந்து குதித்தாள்.

"இந்தப் பிள்ளையா?" என்றார் மங்கையர்க்கரசி. "நல்லாத்தானே இருக்கா!"

வேதாசலம் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். மறுபடி நோட்டீஸைப் பார்த்தார். மரத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் கிளம்பிப் போனார்.

மனம் மாறுகிற ஆளின் முகம் திருமேனிக்குத் தெரியும். முப்பது வருஷம் பார்த்த முகம்.

குயிலியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். கடலைமிட்டாய் ஒன்றை உடைத்துக் கொடுத்தார்.

"கண்ணு, தாத்தா ஒண்ணு சொல்றேன். இனிமே யாராவது பார்க்க வந்தா, கொஞ்ச நேரம் சிரிக்காம இரு. அவங்க போனப்புறம் சிரிச்சுக்கலாம்."

"எதுக்குத் தாத்தா?"

"அப்பத்தான் நமக்குக் கூரை வரும்."

அவள் யோசித்தாள். கூடத்தில் மழைநீர் ஒழுகும் இடம் அவளுடைய பாய்தான். தலையை ஆட்டினாள்.

அடுத்த வாரம் வேதாசலமும் மனைவியும் மறுபடி வந்தார்கள். குயிலி படியில் உட்கார்ந்திருந்தாள். மங்கையர்க்கரசி கையைத் தட்டிக் கூப்பிட்டார். வளையலைக் குலுக்கிக் காட்டினார். பிள்ளை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தரையைப் பார்த்தது. மறுநாள் மரம் வந்து இறங்கியது.

திருமேனி நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஆனால் இல்லத்துக்கு யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். ஓடு கொண்டுவருபவர், பால்காரர், தபால்காரர், கல்லூரிப் பெண்கள். யாருக்குச் சிரிக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஏழு வயதுக்குப் புரியவில்லை. யாருக்குமே சிரிக்காமல் இருப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

சமையல்கார ஜெயக்கொடி வந்து சொன்னார். "ஐயா, குயிலி பாதிச் சோத்தை வெச்சுடறா."

"பல்லு விழுந்திருக்கில்ல, அதான்" என்றார் திருமேனி. ஓடு இறக்கும் அவசரம் அவருக்கு.

முப்பத்து ஆறாம் நாள் அம்மாள் திரும்பி வந்தார். குழந்தை பிழைத்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் ஓடிவந்து அவரை மொய்த்தார்கள். குயிலி மட்டும் எழுந்து வரவில்லை.

அம்மாள் அவளிடம் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எதுவும் கேட்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கை ஓரிடத்தில் நின்றது. எலும்பு தட்டியது.

குயிலி அம்மாளின் காதருகே வாயை வைத்தாள். அம்மாளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த திருமேனிக்கும் அது கேட்டது.

"அம்மா, நான் குண்டாயிட்டா கூரையைத் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவாங்களா?"

திருமேனி பெட்டியைக் கீழே வைத்தார்.

மத்தியானம் அவர் அம்மாளைத் தேடிப் போனார். அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திருமேனி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மிட்டாய் கொடுத்ததையும் சொன்னார்.

"பிள்ளைங்க நனையக் கூடாதுன்னுதாம்மா பண்ணினேன்."

"தெரியும்."

"நீங்க திட்டுங்கம்மா."

அம்மாள் திட்டவில்லை. கீரையை உருவியபடியே கேட்டார்.

"ஐயா, உங்க வீட்டம்மா தவறின அன்னைக்கு யாராவது உங்களைப் படம் எடுத்தாங்களா?"

திருமேனி திகைத்தார். "மச்சினன் எடுத்தான். எதுக்கு எடுத்தான்னு தெரியல."

"இருக்கா?"

"பெட்டி அடியில இருக்கு. நான் பார்க்கிறதில்லை."

"எடுத்துத் தாங்க. அடுத்த நோட்டீஸ்ல போடுவோம். அரிசியும் தேவைப்படுது."

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று அவர் அம்மாளின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. கோபமும் இல்லை. கீரை ஆய்கிற முகம்தான்.

திருமேனி எழுந்து போனார். பெட்டிப் பக்கம் போகவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் பழைய கத்தியும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை, பள்ளிக்கூடத்துச் சுவர். ஒவ்வொரு நோட்டீஸாக நனைத்துச் சுரண்டினார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. அவரே பார்த்துப் பார்த்துக் காய்ச்சிய பசை. சில இடங்களில் தாள் போன பிறகும் இரண்டு கண் மட்டும் சுவரில் நின்றது. அவற்றைக் கத்தியால் தொட அவருக்கு மனம் வரவில்லை. விரலால் தேய்த்தார்.

வெயில் சாயும் நேரத்தில் அரிசி ஆலைக்குப் போனார். வேதாசலமும் மங்கையர்க்கரசியும் வீட்டு முற்றத்தில் இருந்தார்கள். ஈரச் சட்டையோடு நின்றபடியே சொன்னார்.

"அந்தப் படம் பழசுங்க. பிள்ளை இப்ப நல்லா இருக்கா. ஊஞ்சல்ல பார்த்தீங்களே, அதுதான் அவ. சிரிக்காதேன்னு நான்தான் சொல்லி வெச்சேன். மரத்தைத் திருப்பி எடுத்துக்கணும்னா எடுத்துக்கோங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

வேதாசலத்துக்கு முகம் சிவந்தது. "அப்ப என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? பிள்ளை அழுதாத்தான் கொடுப்பான்னா?"

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர்கிட்ட கத்தாதீங்க" என்றார் மங்கையர்க்கரசி. "ஐயா, அன்னைக்கு அவ பொக்கை வாயோட குதிச்சு ஓடிவந்தா பாருங்க. வீட்டுக்கு வர்ற வழியிலேயே நான் இவர்கிட்ட சொல்லிட்டேன், கூடத்துக்கு மட்டும் இல்ல, சமையல்கட்டுக்கும் சேர்த்து மரம் நாமளே கொடுப்போம்னு. மறுபடி வந்தப்ப பிள்ளை முகத்தைத் தூக்கவே இல்லை. உடம்புக்கு என்னவோன்னு ரெண்டு வாரமா எனக்குச் சோறு இறங்கல."

திருமேனி நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் முகம் பார்த்துப் பிழைத்தவர் அவர். கைகூப்பினார்.

"மரம் அங்கேயே இருக்கட்டும். பிள்ளையை முதல்ல சாப்பிடச் சொல்லுங்க" என்றார் வேதாசலம். கோபம் இன்னும் முழுதும் தணியவில்லை.

பிள்ளை உடனே சாப்பிடவில்லை. "இனிமே சிரிக்கலாம் கண்ணு" என்று திருமேனி சொன்னபோது, "யார் வந்தா?" என்று கேட்டாள். "யார் வந்தாலும்" என்றார். அவள் நம்பவில்லை. சிரிக்காதே என்று சொன்னதும் இந்தத் தாத்தாதானே. அம்மாள் அவளுக்கு ஊட்டினார். சில வாய் இறங்கியது. சில வாய் திரும்பி வந்தது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரை வேலை. ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். தெருமுனையிலிருந்து கூடம் வரை வரிசையாக நின்று, ஓடுகளைக் கைக்குக் கை மாற்றினார்கள். கல்லூரிப் பெண்களுக்கு அடுத்து தபால்காரர், அவருக்கு அடுத்து வேதாசலம். வேட்டியை மடித்துக் கட்டி, "ஓட்டைப் பார்த்துப் பிடிங்க, பேச்சு அப்புறம்" என்று எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தார். மேலே கொத்தனார்கள் பாடினார்கள். உச்சி வெயிலுக்குள் கூரையின் ஒரு பக்கம் சிவந்து நின்றது.

மரத்தடியில் பந்தி. மங்கையர்க்கரசி பாயசம் பரிமாறினார். பிள்ளைகளுக்கு எதிர் வரிசையில் திருமேனி உட்கார்ந்திருந்தார்.

குயிலி தம்ளரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். தம்ளரின் அடியில் ஒட்டிய சேமியாவை விரலால் வழித்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். அறுபது எழுபது பேர் சுற்றிலும். அத்தனை பேரையும் விட்டுவிட்டுத் திருமேனியின் முகத்தைப் பார்த்தாள்.

திருமேனி கையை அசைத்தார். 'கேளு, கேளு.'

"இன்னும்" என்றாள் குயிலி, தம்ளரை நீட்டி.

மங்கையர்க்கரசி வழிய வழிய ஊற்றினார். பாயசம் அவள் பாவாடையில் கொட்டியது. பக்கத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். குயிலிக்கும் சிரிப்பு வந்தது. வாய் திறக்கும் முன் கண் மறுபடி ஒருதரம் திருமேனியிடம் போய் வந்தது. அப்புறம்தான் சிரித்தாள். விழுந்த பல்லுக்குப் பதில் புதுப்பல் ஒன்று அரிசி மணி போல எட்டிப் பார்த்தது.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, கூடத்தின் மேல் புது ஓடு வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அம்மாள் முற்றத்தில் சிதறிக் கிடந்த ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கினார். திருமேனியும் கூட நின்று பொறுக்கினார்.

"சாப்பிட்டா" என்றார் அம்மாள்.

"ஆமாம்மா. ரெண்டு தம்ளர்."

"சிரிச்சா."

"சிரிச்சா." அவர் கையிலிருந்த துண்டைக் கூடையில் போட்டார். "ஆனா சிரிக்கிறதுக்கு முன்னாடி என் முகத்தைப் பார்க்கிறாம்மா. சிரிக்கலாமான்னு கேக்கிற மாதிரி. எனக்குத் தாங்கல. அந்தப் பார்வை எப்பம்மா போகும்?"

அம்மாள் நிமிர்ந்தார். தன்னைவிடப் பதினெட்டு வயது மூத்த சீடரின் சட்டையில் ஒட்டியிருந்த செம்மண் தூசியைத் தட்டிவிட்டார்.

"பார்க்கட்டும் ஐயா. அவ பார்க்கிறப்பல்லாம் நீங்க முன்னாடியே சிரிச்சுக்கிட்டு இருங்க."