தோளில் ஒரு கை

“ஒரு கையை எப்படி அம்மிணி அழிக்கிறது?”

கேட்டவர் குப்புராஜ். திருப்பூரில் பனியன் துணி வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் வாங்கி விற்கிறவர். எதிராளி வாயைத் திறக்கும் முன்பே பாதி விலைக்குக் கேட்டுப் பழகிய ஆள். சட்டையில் படம் அச்சடிக்கக் கற்றுக்கொள்ள அம்சவேணியிடம் வந்து இன்றோடு ஒன்பது நாள். அவளுக்கு அவர் வயதில் பாதிதான்.

கம்ப்யூட்டரில் அவர் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். கபடிக் கோப்பை வாங்கிய அன்று எடுத்தது. தோள்வரை முடி.

அவனுடைய வருஷ திதிக்கு டீம் பசங்க பன்னிரண்டு பேரும் அந்தப் படம் போட்ட சட்டையில் வரவேண்டும்.

பின்னால் இருந்த பந்தலை, கூட்டத்தை எல்லாம் அழித்துவிட்டார். முடி முடியாகச் சுற்றி வந்து, ஒன்றுகூட அறுபடாமல். அதற்கே எட்டு நாள்.

மிச்சம் ஒரு கை. மகன் தோளில்.

“யார் கைங்ணா?”

“என்னுதுதான்.”

“நல்லாத்தானே இருக்கு?”

“முடி வெட்டச் சொன்னேன். வெட்டல. கூட்டாளிங்க முன்னாடி இந்தக் கையாலதான் அறைஞ்சேன். வண்டிய எடுத்துட்டுப் போனான். பல்லடம் ரோட்டிலிருந்து போன் வந்துச்சு.”

அம்சவேணி மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“சரி, முழுசா வேண்டாம். லேசா மங்கலாக்கு. பாதி தெரிஞ்சாப் போதும்.”

துக்கத்திலும் பேரம்.

“அச்சு மைக்குப் பாதி தெரியாதுங்ணா. படம் புள்ளி புள்ளியாத்தான் விழும். ஒண்ணு புள்ளி இருக்கும், இல்லாட்டி துணி இருக்கும். மங்கலாக்கினா புள்ளி சின்னதாகும். கை போகாது.”

“அப்ப மொத்தமா அழி.”

“நீங்களே அழிங்க.”

அழித்தார். விரல் விரலாக. கை இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் தெரிந்தன. அங்கே எதுவுமில்லை என்று அர்த்தம். இரண்டாம் நாளே படித்த பாடம்.

பெருமூச்சு விட்டார்.

“என்ன கலர் சட்டைங்ணா?”

“கறுப்பு.”

படத்துக்கு அடியில் கறுப்பை வைத்தாள். கட்டங்கள் இருந்த இடத்தில் துணியின் நிறம் தெரிந்தது.

மகன் தோளில் கறுப்பாக ஒரு கை. ஐந்து விரலும் சுத்தமாக.

“அதான் அழிச்சாச்சே!” மேசையைத் தட்டினார். “அவன் தோள் எங்க?”

“கைக்கு அடியில தோள் பதியலீங்ணா. கேமரா பார்த்தது கையைத்தான்.”

“வேற யார் தோளையாச்சும் எடுத்து ஒட்டு!”

“அது வேற வீட்டுப் பையன் தோளு. ஒட்டட்டுங்களா?”

அவர் தலை குனிந்தார். “வெள்ளைத் துணி போடு” என்றார்.

வெள்ளைக் கை.

“சிவப்பு.”

சிவப்புக் கை.

அம்சவேணி எழுந்து, துணி நிறங்கள் ஒட்டிய ஷேடு கார்டை எடுத்து அவர் முன் வைத்தாள். துணிக்கடையில் கொடுத்தது. நூற்றெண்பது கலர்.

“நீங்களே ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்ணா.”

அவள் சாப்பிட்டுவிட்டு வந்தாள். அச்சடிக்கிற ஸ்கிரீன் ஆறு கழுவிக் காய வைத்தாள். திரும்பி வந்தபோது அவர் கடைசிப் பக்கத்தில் இருந்தார். மவுஸ் இடது கையில். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“எல்லாத்திலயும் இருக்கு அம்மிணி.”

“ஆமாங்ணா.”

கார்டை மூடினார்.

“வேற கார்டு இருக்கா?”