நண்டு வெட்டிய பாதிக் கிராப்பு

குளக்கரையில் சிங்காரம் என்றொரு நண்டு முடிவெட்டும் கடை வைத்திருந்தது. கத்தரி வாங்கும் செலவே இல்லை, கொடுக்கே கத்தரி! வேலையும் சுத்தம். ஆனால் எதிர்க்கரையில் ஒரு குரங்கும் புதிதாக முடிவெட்டும் கடை போட்டது.

"வந்த ஆளை அந்தப் பக்கம் விட்டுடக் கூடாதே!" என்று யோசித்து, சிங்காரம் ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. யார் வந்தாலும் உட்காரவைத்து ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிடும். உடனே அடுத்தவரைப் பிடித்துக்கொள்ளும். அரைத்தலையோடு எவன் எழுந்து போவான்? தன் மூளையை நினைத்துத் தானே பூரித்துப்போனது.

ஒருநாள் காலையில் கரடி சடையாண்டி ஓடி வந்தது.

"தம்பி, இன்னிக்குப் பொண்ணு பார்க்கப் போறேன். உடம்பு முழுக்க அழகா வெட்டிவிடு!"

"ஜமாய்ச்சிடலாம் அண்ணே!"

இடது பக்கம் முடிந்தது. அந்த நேரம் பார்த்து முயல் வந்தது. "தோ, ஒரு நிமிஷம்ணே!" என்று சிங்காரம் அங்கே ஓடியது. முயலின் ஒரு காதை முடிப்பதற்குள் முள்ளம்பன்றி வந்தது. அதற்கும் ஒரு பக்கம்!

"எனக்கு நேரமாகுதுப்பா!" என்று கரடி கத்தியது.

"ஆச்சுண்ணே, ஆச்சு! உங்க வேலைதான்!"

எங்கே ஆச்சு? மாமன் கரடி வந்து, "நல்ல நேரம் போகுதுடா!" என்று சடையாண்டியை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பெண்ணைப் பெற்ற கரடி மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தது. "பாதி மாப்பிள்ளைதான் வந்திருக்கார். மீதி எப்போ வருவார்?"

வீடே விழுந்து விழுந்து சிரித்தது. பாவம் சடையாண்டி! கொடுத்த தேனைக்கூடத் தொடாமல் திரும்பியது.

இங்கே குளக்கரையில் முயலுக்கும் முள்ளம்பன்றிக்கும் நடுவே ஓடி ஓடி, சிங்காரம் பாசிக்கல்லில் வழுக்கியது. இரண்டு கல்லுக்கு இடையில் மல்லாக்க விழுந்து மாட்டிக்கொண்டது. மேலே பருந்து வட்டமிட்டது. அதைக் கண்டு முயலும் முள்ளம்பன்றியும் புதருக்குள் ஓடிவிட்டன.

"ஐயோ, யாராவது புரட்டிவிடுங்களேன்!"

அப்போதுதான் சடையாண்டி வந்து சேர்ந்தது. குனிந்து பார்த்தது. மெல்ல ஒரு விரலால் நண்டைப் பாதி நிமிர்த்தி, கல்லில் சாய்த்து வைத்தது.

"கொஞ்சம் இரு தம்பி. முயல் கூப்பிடுது. தோ, ஒரு நிமிஷம்!"

"அண்ணே! பருந்து இறங்குது அண்ணே!"

"ஆச்சு, ஆச்சு! உன் வேலைதான்!"

சிங்காரம் எட்டுக் காலையும் காற்றில் உதைத்தது. "பாதியில விட்டுட்டுப் போகாதீங்கண்ணே!" என்று அழுதேவிட்டது.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அதன் காதிலேயே விழுந்தது. புதருக்குள்ளிருந்து முயல் களுக்கென்று சிரித்தது.

பருந்து பாயவும் கரடி கையை வீசி அதை விரட்டவும் சரியாக இருந்தது. "பிழைச்சுப் போ!" என்று நண்டை நேராக நிமிர்த்திவிட்டது.

சிங்காரம் கரடியை உட்காரவைத்து வலது பக்கத்தை வெட்ட ஆரம்பித்தது. முயலும் முள்ளம்பன்றியும் புதரைவிட்டு வந்து காத்திருந்தன. நடுவில் நரி வந்து நின்றது.

"எனக்கும் ஒரு வெட்டு வெட்டேன்பா!"

"இவங்க மூணு பேரையும் முடிச்சிட்டுத்தான் உங்களைத் தொடுவேன். அவசரம்னா குரங்கு கடைக்குப் போங்க!" என்றது நண்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல்.

நரி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஆளைப் பிடித்து வைப்பதால் வாடிக்கை நிலைக்காது. ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுப்பவரைத் தேடித்தான் வாடிக்கையாளர் திரும்பவும் வருவார்.