தீயில் வெளுத்த திரி

கதையை நான் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். ஊசிக்கரடு என்ற குன்றில் எங்கோ கல்நார் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு சுரங்க முதலாளி ஆட்களோடு வந்தார். கல்நார் என்பது பஞ்சுபோல் பிரியும் கல். நெருப்பு அதை ஒன்றும் செய்யாது. "கண்டுபிடிப்பவர் பெயரைக் குழிக்கு வைப்பேன். குழியை எந்தப் பக்கம் விரிப்பது என்பதும் அவர் சொற்படிதான்" என்று ஊரறிய வாக்குக் கொடுத்தார்.

நிலவியல் படித்த தேவநேசன் இரண்டு மாதம் கரட்டைச் சல்லடை போட்டுச் சலித்தார். கிடைத்தது வெயில்தான். ஒருநாள் அடிவாரத்து முனியப்பன் கோயிலில், ஆடு மேய்க்கும் பாவாயி விளக்குத் திரியை எடுத்துப் பொங்கல் அடுப்பில் போட்டார். எண்ணெய்ப் பிசுக்கு எரிந்து, திரி வெள்ளைவெளேரென்று வெளியே வந்தது. அதையே மறுபடி ஏற்றினார். ஆறு வருஷமாக அதே திரியாம்!

அங்கே நின்றிருந்த தேவநேசன் திரியைப் பிரித்துப் பார்த்தார்; கல்நாரேதான். பாவாயி அதை எடுத்த மேற்குச் சரிவைக் காட்டினார். துளை எந்திரக்காரர் சென்னியப்பன் அங்கே துளையிட்டார். இரண்டு துளைகளில் வெறுங்கல். மூன்றாவதில் நாற்பதடி ஆழம்வரை வெள்ளை நார். ஊர்ப் பெண்கள் குலவையிட்டார்கள்.

பிறகுதான் வழக்கு வந்தது.

"பேர் சொன்னது நான். அதுவரைக்கும் அது வெறும் திரி" என்றார் தேவநேசன்.

"ஆழத்தக் காட்டுனது நானுங்க. இல்லாட்டி மேல கெடந்த நாலு நாருதான்" என்றார் சென்னியப்பன்.

இருவருமே குழியைக் கிழக்கே விரிக்கச் சொன்னார்கள். அங்கே பாறை இளகல், தோண்டுவது சுலபம். ஆனால் ஊர் குடிக்கும் சுனையும் அங்கேதான்.

"பேரு எனக்கு வேண்டாமுங்க. மேக்க தோண்டுங்க, சுனை பொழைக்கட்டும்" என்றார் பாவாயி.

"தெரியாம கையில எடுத்ததெல்லாம் கண்டுபிடிப்பாகுமா?" என்று கேட்டார் தேவநேசன். அதுவும் நியாயமான கேள்விதானே.

வாக்குக் கொடுத்த முதலாளி தலையைச் சொறிந்தார். நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் கல்நாரைக் கண்டுபிடித்தவர் யார்?

விடை: பாவாயி. பஞ்சுத் திரியை யாராவது தீயில் போட்டு வெளுப்பார்களா? பெயர்தான் அவருக்குத் தெரியாது. வேகாத குணமும் தெரியும், கிடக்கும் இடமும் தெரியும். மற்ற இருவரும் அவர் கைகாட்டிய பிறகு வந்தவர்கள். முதலாளியும் இதையே தீர்ப்பாகச் சொன்னதும் முதலில் கைதட்டியவர் தேவநேசன்தான். இன்று பாவாயிக் குழி மேற்கே படிப்படியாக இறங்குகிறது. கல்நார்த் தூசி நெஞ்சுக்கு எமன். அது பறக்காதபடி பாறையை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நனைக்கும் தண்ணீர் அந்தச் சுனையிலிருந்துதான் வருகிறது. குழாய் போட்டவர் சென்னியப்பன்.