போய் வா

கடக். கடக். கடக்.

செம்பொறையூர் அரண்மனைக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் கேட்பது இந்தச் சத்தம்தான். தூண்களும் ராஜாவும் அப்புறம்தான் கண்ணில் படுவார்கள். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து ஒருவர் பாக்கு வெட்டிக்கொண்டிருப்பார். அரசர் கொண்டல்ராயருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். சிக்கலான வழக்கு வந்து அரசர் விழித்தால், வெற்றிலையை நீட்டும் சாக்கில் காதோரம் ஒரு யோசனையையும் நீட்டுவார். அரசர் மென்றுகொண்டே அதைத் தன் தீர்ப்பாகச் சொல்வார். சபை ஆகா என்னும்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆனால் அரசர் கூப்பிடுவது 'டேய் வெற்றிலை' என்றுதான். அரசரே அப்படிக் கூப்பிட்டால் ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? மிச்சமிருப்பவள் பெண்டாட்டி. அவளோ புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். ஆக, அந்த மனுஷனின் பெயர் அவர் காதிலேயே விழுந்து பல வருஷமாயிற்று. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகலாம். அப்போதுதான் வேறு இடம் பார்த்தால் என்ன என்று மனசு வெளியே எட்டிப் பார்க்கும்.

எட்டிப் பார்த்தது. "மச்சினன் வீட்டில் காது குத்து. போய்வருகிறேன் பிரபு" என்று சொல்லிவிட்டு, நேரே பக்கத்து நாடான வேப்பந்துறைக்குப் போனார். அந்த அரசருக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போலப் பாக்கு வெட்டினார்.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வெற்றிலையே காட்டிக் கொடுத்தது.

அடுத்த வாரம் வேப்பந்துறையிலிருந்து ஒரு தூதர் வந்தார். மரியாதைக்கு வெற்றிலை கொடுத்தார்கள். வாயில் போட்டவர் கண்ணை மூடினார்.

"உள்ளே கொப்பரைச் சீவல், மேலே கிராம்பு. இதே கைதானே போன வாரம் எங்கள் சபையில் மடித்தது? எங்கள் அரசர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்" என்றார்.

கடக் சத்தம் நின்றது.

"போன வாரம் மச்சினன் வீட்டுக் காது குத்து என்றாயே?" என்றார் அரசர்.

பிரதானி சிங்கண்ணா முந்திக்கொண்டார். வேலையில்லாத மருமகன் ஒருவன் அவர் வீட்டுத் திண்டில் சாய்ந்து கிடந்தான். "குத்தியது உண்மைதான் பிரபு. காதுதான் தங்களுடையது."

சபை சிரிப்பை விழுங்கியது. அரசர் முகம் சிவந்தது.

"ஆள் இல்லாமல் அல்லாட வேண்டாம் பிரபு. என் மருமகன் இருக்கிறான். அரண்மனை இவனுக்குக் கொடுத்த வீட்டைக் காலி செய்தால் பொழுது சாய்வதற்குள் சாமானை இறக்கிவிடுவான்."

தூதர் மென்றபடியே வெற்றிலைக்காரரைப் பார்த்துக் கையை விரித்தார். "எங்களை நம்ப வேண்டாம் ஐயா. துரத்தின ஆளை எங்கள் அரசர் சேர்ப்பதில்லை."

அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. வீடும் இல்லை. அரசர் எழுந்தார்.

"இந்த நிமிஷமே கோட்டையை விட்டுப் போ..."

சபை மூச்சைப் பிடித்தது. செம்பொறையூரில் யாரையும் மொட்டையாகப் 'போ' என்று சொல்லக் கூடாது. அரசரின் பாட்டனார் ஏதோ கோபத்தில், சண்டைக்குக் கிளம்பிய தம்பியை அப்படிச் சொல்லிவிட்டார். தம்பி திரும்பவில்லை. அதிலிருந்து அந்த அரண்மனையில் திருடனை விரட்டினாலும் மங்கலமாகத்தான் விரட்டுவார்கள்.

அரசர் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தார். "...போய் வா."

வெற்றிலைக்காரர் கும்பிட்டார். வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். கோட்டை வாசலைத் தாண்டினார். அங்கிருந்த வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"உன்னைத்தான் துரத்தியாகிவிட்டதே" என்றார் பிரதானி.

"யார் சொன்னது? 'போய் வா' என்பது உத்தரவு. போனேன், வந்தேன். பாதி உத்தரவோடு நிறுத்திக்கொள்ள நான் என்ன பிரதானியா?"

அரசர் உதட்டோரம் துடித்தது. அடக்கிக்கொண்டார். "சிங்கண்ணா, அந்த 'வா'வை விட்டுவிட்டு நீரே சொல்லிவிடும்."

பிரதானி வாயைத் திறந்தார். மூடினார். "மகள் மாசமாயிருக்கிறாள் பிரபு. என் நாக்கால் அந்த வார்த்தை வேண்டாமே."

அரசர் வெற்றிலைக்காரர் பக்கம் திரும்பினார். "அங்கே என்னடா தருவதாகச் சொன்னார்கள்? நிலமா, பொன்னா?"

"அதுவரைக்கும் பேச்சுப் போகவில்லை பிரபு. உள்ளே நுழைந்ததும் அந்த அரசர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். அந்தப் பெயரைச் சொல்லி உட்காரும் என்றார். யாரைச் சொல்கிறார் என்று நான் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்."

"அவ்வளவு நல்ல இடம் என்றால் ஏன் திரும்பி வந்தாய்?"

"தங்களிடம் 'போய்வருகிறேன்' என்றல்லவா சொன்னேன்? 'போகிறேன்' என்று சொல்லியிருந்தால் அங்கேயே இருந்திருப்பேன்."

கொண்டல்ராயர் இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்த முகத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறவர் போலப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது.

"உன் பேர் என்னப்பா?"

"தூதரைக் கேளுங்கள் பிரபு. அவருக்குத் தெரியும்."

சபையே தூதரைப் பார்த்தது. அவர் வாய் நிறைய எச்சில். சிந்திவிடாமல் அண்ணாந்துகொண்டு, "அவகுநம்வி" என்றார். துப்பிவிட்டு வந்து திருத்தமாகச் சொன்னார். "அழகுநம்பி."

அரசர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் தன் காதிலிருந்த முத்துக் கடுக்கனைக் கழற்றி நீட்டினார்.

"காது குத்து என்று சொல்லிவிட்டாய். கடுக்கன் போடாமல் எப்படி?"

பிரதானி தன் மருமகனுக்குச் சொல்லியனுப்ப ஆள் தேடினார். 'போய் வா' கேட்டதுமே ஆள் விட்டு வண்டியில் ஏற்றச் சொல்லியிருந்த சாமானை இறக்க வேண்டுமே.

அரசர் சாய்ந்து உட்கார்ந்தார். "அழகுநம்பி, வெற்றிலை" என்றார்.

அழகுநம்பி தலையைத் தூக்கவில்லை. ஒரு கொழுந்து வெற்றிலையை எடுத்து நரம்பைக் கிள்ளினார். பாக்குவெட்டியை எடுத்தார்.

கடக்.