சுண்ணாம்புத் தொட்டி முத்திருளாண்டியார்

தென்மருதங்குளத்தில் மருதீசருக்கு அடியவராக வாழ்ந்தவர் முத்திருளாண்டியார். பன்றி வளர்ப்பது அவர் தொழில். முகம் சுளிக்கிறவர்கள் இப்போதே சுளித்து முடித்துக்கொள்ளுங்கள். பின்னால் சுளிக்க நேரம் இருக்காது.

விடியுமுன் எழுந்து கொட்டிலுக்குள் நுழைவார். கழிவை வாரிக் குழியில் தள்ளுவார், தரையைக் கழுவுவார், தண்ணீர்த் தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்ப்பார். சோளமும் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்த தீனியைச் சினைப்பன்றிக்கு ஓர் அளவாகவும், பால் கொடுக்கும் பன்றிக்கு வேறோர் அளவாகவும் வைப்பார். தாய்ப்பன்றி புரண்டு படுத்தால் குட்டி நசுங்கிப் போகும் அல்லவா? அதற்காகச் சுவரோரம் மூங்கில் தடுப்புக் கட்டியிருந்தார். குட்டிகள் குளிரில் நடுங்காமல் இருக்க வைக்கோல் பரப்பி மேலே ஒரு மஞ்சள் பல்பும் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு "சிவாயநம". ஒருமுறை கோபக்காரக் கடுவன் பன்றி ஒன்று கடித்து அவருடைய இடக்கால் சுண்டுவிரல் போய்விட்டது. அன்றும் "மிச்ச விரல் எல்லாம் இருக்குல்ல, சிவாயநம" என்றுதான் எழுந்தார்.

வேலை முடிந்ததும் கிணற்றடியில் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசிக் கோயில் வாசலுக்குப் போவார். உள்ளே போகமாட்டார். போகக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவர் உள்ளே வந்தால் நாலு பேர் மூக்கைப் பொத்துவார்கள், அதுவும் நந்திக்கு முன்னாலேயே. அவர்களுடைய பக்தி கெடவேண்டாம் என்று இவர் கோபுர வாசலிலேயே நின்றுகொள்வார். அங்கிருந்து பார்த்தால் கருவறை தெரியாது. முன்மண்டபத்தில் ஒரு தூண் தெரியும். தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்கு இரங்கி, ஈசனே பன்றி முகத்தோடு தாயாகி வந்து பாலூட்டும் கோலம் அதில் செதுக்கியிருக்கும். அந்தத் தூணைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக் கும்பிட்டுத் திரும்புவார்.

"அவன் எங்க சாமி கும்புட வர்றான்? பன்னியப் பாக்க வர்றான்" என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சாமி கும்பிட்டவர்கள். அது வேறு கதை.

ஒரு காலத்தில் அடியாரின் கொட்டில் திறந்த வீடாகத்தான் இருந்தது. வந்தவர் போனவர் எல்லாரும் உள்ளே போய்ப் பன்றியைத் தட்டிப் பார்ப்பார்கள். அப்படித்தான் ஒருநாள் எங்கோ சந்தையிலிருந்து ஒரு வியாபாரி சேற்றுக் காலோடு வந்தான், சுற்றிப் பார்த்தான், விலை படியாமல் போனான். அடுத்த வாரம் பன்றிகள் காய்ச்சலில் படுத்தன. படுத்தது ஒன்றும் எழவில்லை. மனைவி பேச்சியம்மாளும் அவரும் குழி வெட்டிக் குழி வெட்டிக் கை காய்த்துப் போனார்கள்.

"இம்புட்டும் பாத்துக்கிட்டு இருந்தாரே, இன்னும் அவரத்தான் கும்புடணுமா?" என்று அந்த அம்மாள் மண்வெட்டியை வீசிவிட்டு அழுதாள்.

"அவரு என்னம்மா செஞ்சாரு? சேத்துக் காலோட வந்தவன உள்ள விட்டது நானுல்ல" என்றார் அடியார். குளித்துவிட்டு அன்றைக்கும் கோபுர வாசலுக்குப் போனார்.

அதன் பிறகுதான் அந்தத் தொட்டி வந்தது. இடத்தைச் சுற்றி வேலி அடைத்து, ஒரே வாசல் வைத்து, வாசலை அடைத்தாற்போல் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டினார். அதில் எந்நேரமும் சுண்ணாம்புத் தண்ணீர் நிற்கும். செருப்பை வெளியே விட்டு, காலை அதில் நனைத்துத்தான் வேலிக்குள் வரவேண்டும். வந்தாலும் முன்னால் இருக்கும் குடிசையோடு சரி. பின்னால் இருக்கும் கொட்டிலுக்குள் புருஷன் பெண்சாதி தவிர யாருக்கும் இடமில்லை. வெளியில் வாங்கிய பன்றியும் பல நாள் தனியே கட்டிக்கிடந்து, நோய் இல்லை என்று தெரிந்தபிறகே மற்றவற்றோடு சேரும்.

கதவை மூடினால் ஊர் சும்மா இருக்குமா? "கோயிலுக்குள்ளயே நாம பச்சைத் தண்ணியிலதான் கால் கழுவுறோம். பன்னிக் கொட்டாய்க்குத் தீர்த்தமா? என்னத்தையோ உள்ள ஒளிச்சு வச்சிருக்கான்யா" என்று பேச்சுக் கிளம்பியது. பன்றிகள் மறுபடி பெருகி மினுமினுவென்று வளர வளர, பேச்சும் கூடவே வளர்ந்தது.

அந்த இடம் கோயில் மனை. அதனால் தர்மகர்த்தா வைத்தியலிங்கம் ஒருநாள் சோதிக்க வந்தார். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். அன்னதானத்தில் மிஞ்சிய சோற்றை ஒரு அண்டாவில் கொண்டுவந்து, "பன்னிக்குப் போடப்பா" என்றார். அடியார் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு பிடியைத் தாம் உண்டார். மிச்சத்தை அடுப்பில் ஏற்றித் தளதளவென்று மறுபடி கொதிக்க வைத்தார்.

"ஏய்யா, சாமி சாப்பாட்டுலயே சந்தேகமா உனக்கு?"

"சாமி மேல சந்தேகமில்லைங்கய்யா. எச்சி இலையில கலந்து வந்த சோறு. பல ஊர்க் கை பட்டது. எனக்கு ஒண்ணும் ஆவாது, வாயில்லா ஜீவன் தாங்காது."

"சரி, கொட்டிலத் திற. பாக்கணும்."

"அது மட்டும் மன்னிக்கணுங்கய்யா."

தர்மகர்த்தா திரும்பி நடந்தார். அவர் பேசாமல் போனதுதான் வினை. பிரசாதத்தை அவமதித்தான், கோயில் மனையில் எதையோ மறைக்கிறான் என்ற இரண்டும் சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றிவந்தன.

இந்த நிலையில் அந்த வட்டாரத்தில் பன்றிக்காய்ச்சல் மறுபடி வந்தது. வடக்குத் தெருவில் காத்தமுத்து என்பவரும் பன்றி வைத்திருந்தார். ஓட்டல் எச்சிலை வாளி வாளியாகக் கொட்டி வளர்த்தவர். அவருடைய கொட்டில் இரண்டே நாளில் காலியாயிற்று. பாவம், பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவரைப் போல வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதார். அழுகை அடங்கியதும் அவருக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. "என் பன்னி செத்துச்சு. பக்கத்தூருப் பன்னி செத்துச்சு. அவன் பன்னி மட்டும் எப்படிய்யா சாகல? நோவ ஏவி விட்டவன் வீட்டுக்கு அது திரும்பி வருமா?"

எரிகிற வீட்டில் பிடுங்கியது மிச்சம் என்று இருந்தவர்களுக்கு இது போதாதா? ஊர் கூடியது. கோயில் திருவிழாக் கொடியேற்றத்தன்று பொழுது சாய்வதற்குள் முத்திருளாண்டி கோயில் மனையைக் காலி செய்துவிட வேண்டும், பன்றி ஒன்றுகூட ஊர் எல்லைக்குள் நிற்கக்கூடாது என்று தீர்ப்பாயிற்று. சினையும் குட்டியுமாக இருந்த மந்தையைக் காய்ச்சல் பரவிய சாலையில் ஓட்டிக்கொண்டு எங்கே போவது? போனால் மந்தை சாகும். போகாவிட்டால் ஊரே வந்து அடித்துக் கொல்லும். போகிற இடத்தில் அந்தத் தூணும் இருக்காது. அடியாரை உள்ளே அறுத்தது இந்தக் கடைசிக் கவலைதான்.

"கோயிலுக்குப் போய் உள்ளாற நின்னு கேளுங்களேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"அவருக்குத் தெரியாததையா நான் சொல்லப்போறேன்" என்றார் அடியார்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள், நல்ல உச்சி வெயில். அதற்கு முந்திய நாள்தான் ஈன்றிருந்த பன்றியோடு பேச்சியம்மாள் கொட்டிலுக்குள் இருந்தாள். வேலி வாசலில் ஒரு கிழவர் வந்து நின்றார். அழுக்கு வேட்டி, சடை விழுந்த தலை, கால் முழுக்கச் சேறு. இடுப்பில் ஒரு கூடை. கூடைக்குள் தொப்புள்கொடிகூடக் காயாத பன்றிக்குட்டிகள் கீச்சிட்டன.

"தாய் செத்துப்போச்சு. உன் பன்னிகிட்ட விட்டுக் காப்பாத்து" என்றார் கிழவர்.

அடியாருக்குச் சட்டென்று நெஞ்சில் முள் தைத்தது. இந்தச் சமயத்தில், இந்த வாசலில், எங்கிருந்தோ வந்த குட்டிகளா? காத்தமுத்து அனுப்பிய ஆளோ? நோயைக் கூடையில் வைத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாரோ? ஊரெல்லாம் தம்மைப் பார்த்த அதே பார்வையால் அவர் கிழவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரு பெரியவரே? குட்டி யாருது?"

"ஊரு இங்கனதான். குட்டி என்னுதுதான்னு வச்சுக்கயேன். வெயில் கொளுத்துது, மொதல்ல உள்ள விடு. ஒரு வாய் கஞ்சி குடு."

"தொட்டியில கால நனைச்சிட்டு வாங்க."

"குனிஞ்சு கழுவ முடியலப்பா. வேணும்னா நீயே கழுவி விடு."

அடியார் மண்டியிட்டார். பக்தியால் அல்ல, முழுச் சந்தேகத்தால். கிழவரின் இரண்டு பாதங்களையும் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தேங்காய் நாரால் தேய்த்தார். விரல் இடுக்கு, நக இடுக்கு, குதிகால் வெடிப்பு ஒன்றையும் விடவில்லை. "யப்பா, தோல உரிச்சிராத" என்று கிழவர் சிரித்தார்.

"என்னையே சந்தேகப்படுறியா முத்திருளாண்டி?"

"கோவிச்சுக்காதீங்க பெரியவரே. அந்தச் சிவனே வந்தாலும் என் வாசல்ல காலக் கழுவாம உள்ள வர முடியாது."

குடிசையில் உட்கார வைத்து, தமக்கு வைத்திருந்த கஞ்சியை ஊற்றினார். கிழவர் குடித்துவிட்டு, "சரி, குட்டிகளக் கொட்டிலுக்குள்ள விடு" என்றார்.

"அது முடியாதுங்க."

"தாயில்லாப் புள்ளைகளய்யா! தெனமும் அந்தத் தூணைப் பாத்து அழுவுறியே, அதுல என்ன செதுக்கியிருக்கு?"

அடியார் கூடைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். கை கூப்பினார். "அவரு சாமி. நெனச்சா தாயா மாறுவாரு. நான் மனுசன். உள்ள இருக்கிறதும் தாய்க தான். ஒரு கூடைக்காக அம்புட்டுத் தாயையும் பலி குடுக்க மாட்டேன். ஆனா இதுகளச் சாகவும் விடமாட்டேன். இந்தக் குடிசை இனிமே இதுகளுக்கு. நான் இதுகளோட இருக்கேன், கொட்டில் பக்கம் போகல. எம் பொண்டாட்டி அங்கயே இருந்து பால் கறந்து நடுவேலி மேல வச்சுட்டுப் போவா. நோவு இல்லைன்னு தெரிஞ்சா ஒருநாள் தாய்கிட்ட விடுறேன். அதுக்கு மேல என்னையக் கேக்காதீங்க."

கிழவர் கூடையை அடியார் பக்கம் நகர்த்தினார். "பொழச்சுக்கிருவ" என்று எழுந்து, கோயில் தெருப் பக்கம் நடந்துபோனார். கால் ஈரம் காயவில்லை. ஈன்ற பன்றியின் சீம்பால் தேங்காய் ஓட்டில் நடுவேலிமேல் வந்தது. அடியார் ஒவ்வொரு குட்டியையும் மடியில் போட்டுத் துணித் திரியால் ஊட்டினார். பொண்டாட்டி கொட்டிலில், புருஷன் குடிசையில் என்று இருந்ததைப் பார்த்த ஒருத்தி, "போற நேரத்துல சண்டையப் பாரு" என்று அதையும் தெருவில் விதைத்தாள்.

கொடியேற்ற நாள் காலையில் சோமாஸ்கந்த குருக்களும் தர்மகர்த்தாவும் கோயில் கதவைத் திறந்தார்கள். முன்தினம் தர்மகர்த்தாவே பூட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்த கதவு. உள்ளே கழுவி விட்டிருந்த கருங்கல் தரையில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கால் தடம்!

"பாத்தீங்களா சாமி! இந்த ஊர்ல சுண்ணாம்புல கால் வைக்கிறவன் யாரு? கோயிலுக்குள்ள பூந்திருக்கான்!" என்று குதித்தார் தர்மகர்த்தா. பொழுது சாயும் வரை காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. கம்பும் கையுமாக ஊர் வேலி வாசலுக்கு வந்தது. காத்தமுத்து முன்னால் நின்றார்.

குடிசையிலிருந்து முத்திருளாண்டியார் மடியில் ஒரு குட்டியோடு வந்தார். "அடிக்கிறதுன்னா என்னைய அடிங்கய்யா. ஆனா தொட்டியில கால நனைக்காம யாரும் உள்ள வராதீங்க, உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

குருக்கள் மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடக்காலில் சுண்டுவிரல் இல்லை.

"தர்மகர்த்தா, கோயில்ல இருக்கற தடத்துல விரல் குறையில்லையே" என்றார்.

எல்லோரும் திரும்பிக் கோயிலுக்கு ஓடினார்கள். தடம் நிறைவான தடம், பத்து விரலும் பதிந்திருந்தன. பூட்டிய கதவுக்கு உட்புறத்தில் தொடங்கி, நேரே முன்மண்டபத் தூணுக்குப் போய், பன்றி முகத்தோடு பாலூட்டும் அந்தக் கோலத்தின் அடியில் நின்றுவிட்டிருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை. தர்மகர்த்தா பூட்டை எடுத்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

குருக்கள் மறுபடி வேலி வாசலுக்கு வந்தார். "நேத்து உங்க வாசலுக்கு யார் வந்தா?" என்று கேட்டார். அடியார் நடந்ததைச் சொன்னார். குருக்கள் தடத்தைப் பற்றிச் சொன்னார்.

கேட்டதும் அடியார் தலையில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். "ஐயோ, பாவி நானு! அவரையா சந்தேகப்பட்டேன்? அவரு காலையா நாரப் போட்டுத் தேச்சேன்? கேட்டு வந்தவருக்கு இல்லைன்னு சொல்லிட்டேனே!"

"அழாதீங்கோ" என்றார் குருக்கள். "நாற்பது வருஷமா அவருக்குப் பூஜை பண்றேன். பூவால தொட்டிருக்கேன். விரல் இடுக்கு விடாம அவர் பாதத்தைக் கழுவற பாக்கியம் எனக்கு வாய்க்கலையே. சந்தேகப்பட்ட உங்களுக்குன்னா வாய்ச்சது!"

தர்மகர்த்தா வைத்தியலிங்கம் செருப்பைக் கழற்றினார். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் அந்தத் தொட்டிக்குள் வைத்து நின்றார். அவருக்குப் பின்னால் காத்தமுத்து கம்பை வீசிவிட்டுக் கால் நனைத்தார். மனை காலி செய்யும் பேச்சை அதன்பின் எவரும் எடுக்கவில்லை.

கூடைக் குட்டிகளுக்கு நோயில்லை என்று தெரிந்த பிறகு ஒருநாள், அடியார் அவற்றின் மேலும் தாய்ப்பன்றியின் சொந்தக் குட்டிகள் மேலும் வாசனை ஒன்றாகும்படி வேப்பெண்ணெய் பூசி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிலில் விட்டார். தாய் மூக்கை உயர்த்தி, சந்தேகத்தோடு ஒவ்வொன்றாக மோந்து பார்த்தது. உறுமியது. பிறகு மெல்லச் சரிந்து படுத்து மடியைக் காட்டியது.

முத்திருளாண்டியார் அதற்குப் பின் கோயிலுக்குள் போய் அந்தத் தூணருகிலேயே நின்று கும்பிட்டார் என்றும், மூக்கைப் பொத்த ஒரு கையும் எழவில்லை என்றும் சொல்வார்கள். ஈசன் காலையும் கழுவாமல் உள்ளே விடாத அந்த அடியார் திருவடிகளுக்கு நம் வணக்கம்.